சாடியோ மானே: 176 விநாடி ஹாட்ரிக், பம்பாலி ஆஸ்பத்திரி – எது சரி?

வலதுஓரம்11:
கிளப் அறிவிப்புப் பலகைக்கு செனகல் கால்பந்து வீரர் மானே பற்றி ஒரு பக்கம் வேண்டும். வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள் ஒன்றுக்கொன்று முட்டுகின்றன. அவர் தலைநகர் டக்கார்காரரா, கிராமத்துக்காரரா? 176 விநாடியில் மூன்று கோல் அடித்த ஹாட்ரிக் இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்புக்காகவா? பம்பாலி ஆஸ்பத்திரி அவரே கட்டியதா, வெறும் நன்கொடையா?

காசமான்ஸ்:
டக்கார் இல்லை. தெற்கு செனகலின் செதியூ பகுதியிலுள்ள பம்பாலி கிராமம். பிறப்பு 10 ஏப்ரல் 1992. அப்பா இமாம். அந்தப் பகுதிக்கும் டக்காருக்கும் நடுவில் காம்பியா என்ற தனி நாடே கிடக்கிறது. 2019இல் பாலம் திறக்கும்வரை ஆற்றைப் படகில் கடக்கணும், இல்லாவிட்டால் நாட்டையே சுற்றிப் போகணும். வீட்டுக்குத் தெரியாமல் பையன் டக்காருக்கு ஓடினான் என்று ஒரே வரியில் எழுதினால் அந்தத் தூரம் வாசிப்பவருக்குப் புரியாது.

டக்காரில் நடந்த ஆட்டத் தேர்வில் கிழிந்த பூட்ஸைப் பார்த்து ஏளனம் செய்தார்கள். ஆனாலும் ஜெனரேஷன் ஃபுட் அகாடமியில் இடம் கிடைத்தது. அதற்கு பிரான்ஸின் மெட்ஸ் கிளப்போடு ஒப்பந்தம் உண்டு. ஐரோப்பாவுக்கு வழி அதுதான்.

பிரஸ்ஸிங்பித்தன்:
ஹாட்ரிக் இன்னொரு இங்கிலாந்து கிளப்பான சவுத்தாம்ப்டனுக்காக. 16 மே 2015, ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக, 2 நிமிடம் 56 விநாடி, ஆட்டம் 6-1. முறிந்தது 1994இல் ராபி ஃபௌலர் வைத்த 4 நிமிடம் 33 விநாடி. "பிரீமியர் லீக் (இங்கிலாந்தின் முதல்நிலை லீக்) சாதனை" என்று மட்டும் எழுதுங்கள், "உலக சாதனை" வேண்டாம்.

பலரும் தாண்டிப்போவது ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் கிளப்பில் ஆடிய காலம் (2012–14). பயிற்சியாளர் ரோஜர் ஷ்மிட்டின் பிரஸ்ஸிங் பள்ளி அது. பந்து பறிபோன கணமே விரட்டும் பழக்கம் லிவர்பூலில் பயிற்சியாளர் கிளாப்புக்கு அப்படியே பொருந்தியது. 2017இல் எகிப்து வீரர் சாலா வந்ததும் மானே வலது ஓரத்திலிருந்து இடதுக்கு மாறினார். வலதுகால்காரர் இடதிலிருந்து உள்ளே வெட்டி வந்தால் ஷாட்டுக்குக் கோணம் திறக்கும். 2018-19இல் 22 கோல், லீக்கில் அதிக கோலுக்கான கோல்டன் பூட் விருது (சாலா, ஔபமயாங்கோடு பகிர்வு). அதில் ஒன்றுகூட பெனால்ட்டி இல்லை.

வலதுஓரம்11:
நன்றி. 2021 ஆப்பிரிக்கக் கோப்பையா, 2022ஆ?

காசமான்ஸ்:
பெயர் 2021 கோப்பை, எகிப்துக்கு எதிரான இறுதி ஆட்டம் 6 பிப்ரவரி 2022. தொடக்கத்திலேயே மானேவின் பெனால்ட்டியை எகிப்து கீப்பர் தடுத்தார். 120 நிமிடமும் கோல் இல்லை. பெனால்ட்டி ஷூட்அவுட்டில் கடைசி உதையை உள்ளே போட்டவரும் மானேதான், 4-2. செனகலின் முதல் கோப்பை. எகிப்தின் சாலா ஐந்தாவது உதைக்குக் காத்திருந்தார், அவர் முறை வரவே இல்லை.

செதியூநேயன்:
ஆஸ்பத்திரி அவர் பணத்தில் கட்டியதே. 2021இல் திறந்தார்கள், பிரசவப் பிரிவும் உண்டு. அப்பா நோயில் விழுந்தபோது ஊரில் ஆஸ்பத்திரி இல்லை. மானேவுக்கு அப்போது சுமார் ஏழு வயது. காரணம் அதுதான், அதையே முதலில் எழுதுங்கள். அதற்கு முன் ஊருக்குப் பள்ளியும் கட்டிக் கொடுத்தார்.

கட்டடம் எழும்புவது எளிது. டாக்டர், நர்ஸ், மருந்து இல்லாமல் அது பூட்டிக் கிடக்கும். அதனால்தான் திறப்புக்கு முன்பே அப்போதைய அதிபர் மேக்கி சால் என்பவரைச் சந்தித்து மானே அரசு ஆதரவு கேட்டார். ஃபார்வர்டுகளில் இந்த வரியே இருக்காது.

2022இல் உலகின் சிறந்த கால்பந்து வீரருக்கான பாலோன் தோர் விருது வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். அதே விழாவில் சமூகப் பணிக்கான சாக்ரடீஸ் விருதை முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. ஆடம்பரம் வேண்டாம் என்று அவர் சொன்னதாகச் சுற்றும் ஃபெராரி, ஐஃபோன் மேற்கோளை விட்டுவிடுங்கள், ஆளுக்கொரு மாதிரி மாற்றியிருக்கிறார்கள்.