வேலையிழப்புப் பணத்துக்கு வரி பிடிக்கவில்லை, இப்போது என்ன செய்வது?

நியூ ஜெர்சி நண்பர்களே, ஒரு உதவி. 2024 ஜூன் கடைசியில் எனக்கு வேலை போனது. 26 வாரம், வாரத்துக்கு 854 டாலர் அன்எம்ப்ளாய்மென்ட் வாங்கினேன். 10 சதவீதம் ஃபெடரல் வரி பிடிக்கட்டுமா என்று விண்ணப்பத்திலேயே கேட்டார்கள். வருவதே கொஞ்சம், அதிலுமா என்று வேண்டாம் போட்டுவிட்டேன். இப்போது அந்தப் பணத்தைக் காட்டும் 1099-ஜி படிவம் வந்திருக்கிறது. முதல் கட்டத்தில் வாங்கிய தொகை 22,204, நான்காவது கட்டத்தில் பிடித்த ஃபெடரல் வரி சைபர்.

இந்தப் பணத்துக்கு நியூ ஜெர்சி மாநில வரி கிடையாது. ஃபெடரலுக்கும் அப்படித்தான் என்று நானாக நினைத்துக்கொண்டேன், அசட்டுத்தனம். இந்தப் பணத்தில் 10,200 டாலர் வரை ஃபெடரல் வரி இல்லை என்ற விலக்கு 2020-க்கு மட்டும்தானாம்.

மனைவி சம்பளத்தையும் சேர்த்துப் போட்டால் 1,870 டாலர் பாக்கி காட்டுகிறது. பாக்கி ஆயிரத்தைத் தாண்டியதால், வருடத்துக்குள் போதிய வரி கட்டாததற்கு அபராதமும் உண்டு. பிடித்த வரி முந்தைய வருட வரியை எட்டியிருந்தால் தப்பலாம். ஆனால் 2023-இல் இருவருமே முழு வருடம் வேலையில் இருந்ததால் அந்த வருட வரி அதிகம், எட்டவில்லை.

அன்எம்ப்ளாய்மென்ட் பணம் வந்ததெல்லாம் ஜூலையிலிருந்துதான். இந்த அபராதத்தைக் கணக்கிடும் 2210 படிவத்தில் அதைக் காட்டி அபராதத்தைக் குறைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், ஏப்ரல் 15-க்குள் ரிட்டர்ன் போட்டுவிட்டு, ஃபெடரல் வரித்துறையான ஐ.ஆர்.எஸ். தரும் 180 நாள் அவகாசத்தில் கட்டியவர்களுக்கு வட்டியோடு கடைசியில் எவ்வளவு ஆனது? இப்போதைக்குக் கையில் 600 டாலர்தான் இருக்கிறது. அதை முதலில் கட்டிவிடலாமா?