இண்டியானா ஜோன்ஸ் நான்காம் பாகம்: எந்தக் காட்சியில் உங்களுக்குப் படம் விட்டுப்போனது?

19 வருட இடைவெளிக்குப் பிறகு 2008 மே மாதம் நான்காம் பாகமான ‘கிறிஸ்டல் ஸ்கல்’ வந்தபோது முதல் வாரமே ஓடிப்போய்ப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அவரவர் அனுபவத்தைச் சொல்லுங்கள். நானே தொடங்குகிறேன்.

எல்லோரும் அந்த ஃபிரிட்ஜைத்தான் இழுப்பார்கள். நெவாடாவில் அணுகுண்டுச் சோதனை. நாயகன், தொல்லியல் பேராசிரியர் ஜோன்ஸ், ஈயம் பூசிய ஃபிரிட்ஜுக்குள் புகுந்துகொள்கிறார். சோதனைக்காகக் கட்டிய பொம்மை ஊர் முழுக்கச் சாம்பலாக, ஃபிரிட்ஜ் மட்டும் பறந்துபோய் விழுகிறது, இவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறார். எங்கள் அரங்கில் ஒரே சிரிப்பு. எனக்கு அதுகூடப் பரவாயில்லை. காட்டுக்குள் நடக்கும் வண்டித் துரத்தலில்தான் ஆர்வம் வடிந்துபோனது. ஓடும் இரண்டு வண்டிகளில் ஆளுக்கொரு பக்கம் நின்று ஜோன்ஸின் மகனாக வரும் ஷையா லபஃபும் வில்லியாக வரும் கேட் பிளாஞ்செட்டும் வாள் வீசுகிறார்கள். அப்புறம் லபஃப் குரங்குக் கூட்டத்தோடு கொடியில் தாவிப் போகிறார். பின்னால் தெரியும் பச்சையெல்லாம் கணினிப் பச்சை. யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட விழாது என்று தெரிந்துவிட்டால் அப்புறம் எதற்குப் பதற வேண்டும்?

1981இல் வந்த முதல் படத்தின் லாரித் துரத்தலைப் போட்டுப் பாருங்கள். துனிசியாவில் எடுத்தது. கையில் குண்டடியோடு லாரிக்கு அடியில் புகுந்து, பின்பக்கமாகச் சாட்டையைப் பிடித்துத் தரையில் இழுபட்டு மறுபடி ஏறுவார். அதைச் செய்த ஸ்டண்ட் கலைஞர் டெரி லெனார்ட். அவர் வண்டிக்கு அடியில் நசுங்காமல் போகப் பாதையில் பள்ளம் வெட்டியிருந்தார்கள். அதற்கப்புறம் கப்பலில் காதலி மேரியன் காயத்தைத் துடைக்க வந்தால், தொட்ட இடமெல்லாம் ஜோன்ஸுக்கு வலிக்கும். வலிக்காத இடம் எது என்று கேட்டால் முழங்கையைக் காட்டுவார். படப்பிடிப்பின்போது 65ஐத் தொட்ட, ஜோன்ஸாக நடிக்கும் ஹாரிசன் ஃபோர்டுக்கு நான்காம் பாகத்தில் எங்குமே வலிக்கவில்லை.

மாட்னி ரசிகன்:

கொஞ்சம் நியாயமாகப் பேசுவோமே. இதே வரிசையில் வந்த 1984 படத்தில் விழப்போகும் விமானத்திலிருந்து ரப்பர் படகைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் குதித்து, பனிமலையில் சறுக்கி, ஆற்றில் போய் விழவில்லையா? அதற்குக் கைதட்டியவர்கள்தானே நாம்! ஃபிரிட்ஜுக்கு மட்டும் ஏன் பௌதிகம் பேச வேண்டும்?

நான்காம் பாகத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் எடுத்த மோட்டார் சைக்கிள் துரத்தலை நான் இப்போதும் ரசித்துப் பார்ப்பேன். வண்டி நூலகத்துக்குள் சறுக்கி விழுந்த இடத்தில், ஒரு மாணவன் நிதானமாகப் பாடத்தில் சந்தேகம் கேட்பான். பழைய குறும்பு அதில் இருந்தது. எனக்குப் பொறுக்காதது கடைசி அரைமணி நேரம். கோயில், சுழலும் கற்கள், பறக்கும் தட்டு. ஜோன்ஸ் அங்கே வெறும் பார்வையாளர். டிக்கெட் வாங்கிக்கொண்டு நம்மோடு உட்கார்ந்திருக்கலாம்.

கண்டிக்காரன்:

எங்கள் ஊரை யாரும் சொல்லவில்லையே! அந்த 1984 படத்தின் தொங்குபாலம் இலங்கையில்தான் கட்டப்பட்டது. கதை இந்தியாவில் நடக்கிறது, ஆனால் அங்கே அனுமதி சிக்கலாகிவிட்டதால் கண்டிப் பக்கம் வந்தார்கள். அதனால் இந்தியக் கிராமத்து ஆட்கள் சிங்களத்தில் கதைப்பார்கள். வீட்டில் இந்தக் காட்சி வந்தாலே எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

ஆனால் பாலத்தை உண்மையாகவே வெடிவைத்து அறுத்தார்கள். கைகால் உதறும் பொம்மைகளை மேலே நிறுத்தி, பல கமராக்களை வைத்து ஒரே தடவையில் எடுத்தது. நான்காம் பாகத்தில் வண்டியோடு அடுத்தடுத்து மூன்று அருவிகளில் விழுகிறார்கள். உடுப்பு நனைந்தது, அவ்வளவுதான்.

மேரியன் கட்சி:

எனக்கு மேரியன் விஷயத்தில்தான் கோபம். மேரியனாக நடித்த கேரன் ஆலன் 27 வருடம் கழித்துத் திரும்பி வருகிறார் என்றதும் எவ்வளவு ஆசையாகப் போனேன் தெரியுமா? முதல் படத்தில் நேபாளத்தில் தனியாகச் சாராயக் கடை நடத்தி, குடிப் போட்டியில் ஆம்பளையைச் சாய்த்து, தேடி வந்த ஜோன்ஸுக்கு ஒரு குத்து விட்ட பெண். இதில் வந்ததும் இரண்டு நிமிடம் சண்டை போடுகிறார், மிச்ச நேரமெல்லாம் வண்டி ஓட்டிக்கொண்டு புன்னகைக்கிறார். கடைசியில் கல்யாணம். நடுவில் இத்தனை வருடம் ஜோன்ஸ் இல்லாமல் பிள்ளை வளர்த்த கதை எங்கே? காட்டில் குரங்குக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை அதற்குக் கொடுத்திருக்கலாம்.