டிடிபி-43: சுண்டெலி செல்லில் எந்த ஜீனைப் பார்ப்பது?

வணக்கம். ஆர்.என்.ஏ. ஆய்வில் இருப்பவர்கள் யாராவது கொஞ்சம் கைகொடுங்கள்.

முதுநிலை ஆய்வுக்கு டிடிபி-43 புரதத்தை எடுத்திருக்கிறேன். பெரும்பாலும் உட்கருவில் இருக்கவேண்டிய இது, ஏ.எல்.எஸ். என்ற நரம்புச் சிதைவு நோய் கண்டவர்கள் பெரும்பாலோரின் இயக்க நரம்பு செல்களில் உட்கருவைக் காலி செய்துவிட்டு வெளியே சைட்டோபிளாசத்தில் திரண்டு கிடக்கும். 2006-இல் இது தெரியவந்ததிலிருந்து, கேடு அந்தத் திரளாலா, உட்கரு வெறுமையானதாலா என்ற வழக்கு ஓயவில்லை. நான் இரண்டாவது கட்சி. இப்புரதம் இல்லாவிட்டால், வெட்டி எறியப்பட வேண்டிய இன்ட்ரான் துண்டுகள் தூது ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்கின்றன; இப்படி ஒட்டும் துண்டுதான் மறை எக்ஸான். மனித நரம்பு செல்லில் ஸ்டாத்மின்-2 என்ற ஜீனின் தூது ஆர்.என்.ஏ. அப்படித்தான் பாதியில் அறுந்துபோகிறது.

சிக்கல் இங்கேதான். எங்களிடம் இருப்பவை சுண்டெலி நியூரோபிளாஸ்டோமா (நரம்புப் புற்று) செல்கள். ஸ்டாத்மின்-2-இன் அந்த மறை எக்ஸான் சுண்டெலியில் கிடையாது. அங்கே வேறு ஜீன்களில்தான் இந்த நுழைவு நடக்கிறது. டிடிபி-43-ஐக் குறைத்தபின் பி.சி.ஆர். ஜெல்லில் சந்தேகமில்லாமல் கூடுதல் பட்டை காட்டும் ஜீன் எது? பிரைமர் (பி.சி.ஆர். தொடங்கத் தேவையான சிறு டி.என்.ஏ. துண்டு) வரிசையும் தந்தால் பேருதவி. எத்தனை மணி நேரம் கழித்து ஆர்.என்.ஏ. எடுத்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.

"மனித செல் வாங்கலாமே" என்கிறார் நெறியாளர். அந்தப் படிவம் எல்லா மேசையும் சுற்றி வருவதற்குள் ஆய்வேடு கொடுக்கும் தேதியே போய்விடும்!