பள்ளியின் பேண்டு இசைக்குழுவில் சேரும் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் முதலிலேயே என்ன சொல்கிறோம்? சேலம், ஏற்காடு அனுபவப் பகிர்வு

ஏற்காட்டு உறைவிடப் பள்ளி ஒன்றின் பேண்டு ஆசிரியர்:

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பேண்டில் சேர விரும்பும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் என் கைக்கு வந்துவிடும். பெற்றோரில் பெரும்பாலோர் பார்த்திருப்பது சுதந்திர தினக் கொடியேற்றத்தில் அணிவகுத்து வரும் பேண்டையும், கல்யாண ஊர்வலத்தில் வரும் பேண்டு செட்டையும்தான். நாற்காலியில் அமர்ந்து, எதிரே ஸ்டாண்டில் நொட்டேஷன் தாளை வைத்துக்கொண்டு, ஃப்ளூட், கிளாரினெட், சாக்ஸஃபோன், டிரம்பெட், டிராம்போன், டியூபா என்று பல கருவிகள் ஒரே படைப்பின் வெவ்வேறு பகுதிகளை வாசிக்கும் கான்சர்ட் பேண்டு எப்படி நடக்கிறது என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்கமாட்டார்கள். பின்னால் வரும் மனத்தாங்கல்களில் பெரும்பகுதி இங்கிருந்துதான் கிளம்புகிறது என்பது என் உறுதியான எண்ணம். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று ஆசிரியர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். கருவியைப் பிள்ளையின் கையில் கொடுப்பதற்கு முன் அந்தப் பெற்றோரை உட்காரவைத்து, தமிழில், விவரமாகப் பேசினீர்களா என்று கேட்டால் பதில் வருவதில்லை. இந்த மாவட்டத்தில் பேண்டு நடத்துகிறவர்களும், பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோரும், வாசித்து வளர்ந்தவர்களும் தங்கள் அனுபவங்களை இங்கே எழுதினால் எல்லோருக்கும் உதவும். நானே தொடங்குகிறேன்.

முதல் கூட்டத்தில் நான் சொல்லும் முதல் செய்தி, முதல் பருவம் முழுவதும் பாட்டு என்று எதுவும் வராது என்பதே. கிளாரினெட் எடுக்கும் பிள்ளை தொடக்கத்தில் மவுத்பீஸை, அதாவது வாயில் வைத்து ஊதும் முனைப் பகுதியை மட்டும் ஊதி ஒலி எழுப்பப் பழகும். பிறகு ஒரே ஸ்வரத்தை மூச்சு உள்ளவரை சீராக நீட்டிப் பிடிக்கும். அதன்பின் ஐந்து ஸ்வரங்கள் வரும். நடுநடுவே கீச்சென்று ஒலி பிசகும். அரையாண்டு விடுமுறைக்கு வீட்டுக்கு வரும் பிள்ளையை விருந்தாளிகள் முன் நிறுத்தி, “ஒரு பாட்டு வாசி கண்ணு” என்று கேட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்வேன். ஓராண்டு கடந்த பிறகும் இது பொருந்தும். கிளாரினெட்டுகளுக்குள் துணையாக வரும் மூன்றாம் பகுதியைத் தனியே வாசித்தால் அதில் மெட்டு இருக்காது. நான்கு ஸ்வரங்கள் திரும்பத் திரும்ப வரும். முப்பது பேரோடு சேரும்போதுதான் அந்த நான்கு ஸ்வரங்கள் எதற்கு என்று காதுக்குப் புரியும். இதை அறியாத வீட்டார் முகம் சுளித்தால், பிள்ளை தனக்குத் திறமை இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறது.

ஒரு தந்தை எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். கணக்கிலும் கருவிகளிலும் ஆர்வமுள்ளவர். மகன் விடுமுறையில் பயிற்சி செய்யும்போது கைபேசியில் சுருதி காட்டும் செயலியைத் திறந்து பக்கத்தில் வைத்திருக்கிறார். “சார், தாளில் ஸி என்று எழுதியிருக்கிறது, பையனும் ஸி என்றுதான் விரல் வைக்கிறான், செயலி பி ஃபிளாட் என்று காட்டுகிறது. கருவி பழுதா, இல்லை பாடமே தப்பா?” என்று கேட்டார். கருவியும் சரி, பாடமும் சரி. சாதாரணக் கிளாரினெட் பி ஃபிளாட் கருவி. அதில் ஸி என்று எழுதியதை வாசித்தால் பியானோவின் பி ஃபிளாட் ஒலிக்கும். டிரம்பெட்டும் அப்படியே, ஆல்டோ சாக்ஸஃபோனில் ஸி எழுதினால் ஈ ஃபிளாட் கேட்கும். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த சிறிய, பெரிய கருவிகளுக்கு இடையே விரல் வைப்பை மாற்றிக் கற்காமல் வாசிப்பதற்காக ஏற்பட்ட முறை இது. நம் இசையில் பாடுகிறவர் எத்தனை கட்டையில் பாடினாலும் ஸட்ஜமத்தை ஸ என்றே சொல்வதைப் போன்றது என்று சொன்னதும் அவருக்குச் சட்டென விளங்கிவிட்டது. இப்போதெல்லாம் முதல் கூட்டத்திலேயே ஒரு கீபோர்டையும் கிளாரினெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதை வாசித்தே காட்டிவிடுகிறேன்.

மலையில் இருக்கும் எங்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. காலைக் குளிரில் இங்கே சுருதி சேர்த்துவிட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்து அரங்கில் நண்பகல் வெயிலில் கருவியை எடுத்தால் சுருதி ஏறியிருக்கும். ஒலியின் வேகம் 20 டிகிரி வெப்பத்தில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் என்றால், 35 டிகிரியில் 352 மீட்டரை நெருங்கும்; குழலுக்குள் இருக்கும் காற்றின் வெப்பத்தைப் பொறுத்தே ஊதுகருவியின் சுருதி அமைகிறது. எல்லாக் கருவிகளும் ஒரே அளவில் ஏறினால்கூடச் சமாளித்துவிடலாம், அப்படி ஏறுவதில்லை. ஆகவே நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே பிள்ளைகள் அரங்கில் உட்கார்ந்து, ஊதி, கருவி அந்த இடத்தின் வெப்பத்துக்கு வந்தபின் மறுபடியும் சுருதி சேர்க்க வேண்டும். சரியாக அந்த நேரத்தில்தான் கீழே குடியிருக்கும் பெற்றோர் பிள்ளையைப் பார்க்கும் ஆவலில் தட்டுவடை செட்டோடு மேடைக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். மாதக்கணக்கில் பிரிந்திருக்கும் பிள்ளையைப் பார்க்க வருகிறவர்களை விரட்ட யாருக்கும் மனம் வராது. ஆனால் சட்னியும் எண்ணெயும் உள்ள வாயோடு ஊதினால் துணுக்குகள் மவுத்பீஸுக்குள் போகும், இனிப்பு சாப்பிட்டிருந்தால் கிளாரினெட்டின் துளைகளை மூடும் பேடுகள் பிசுபிசுத்து ஒட்டும் என்பதைக் கடிதத்தில் எழுதி அனுப்பினோம். நிகழ்ச்சி முடிந்த பிறகு அரை மணி நேரம் குடும்பத்தோடு இருக்க ஒதுக்கியிருக்கிறோம் என்றும் அதிலேயே எழுதினோம். அந்த இரண்டாவது வரிதான் வேலை செய்தது.

அம்மாபேட்டையிலிருந்து ஒரு மாணவியின் தாய்:

ஐயா எழுதியதைப் படித்ததும் என் பங்குக்குச் சிலவற்றைச் சொல்லத் தோன்றியது. என் மகள் சேலத்தில் உள்ள ஒரு பள்ளியில் டிரம்பெட் வாசிக்கிறாள். அவள் கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று என் மாமியார், பெண் பிள்ளை இப்படி ஊதினால் உதடு தடித்துவிடும், அடிவயிற்றில் குடல் இறங்கிவிடும் என்று அழுதேவிட்டார். வாசித்து முடித்ததும் உதட்டில் ஒரு வட்டத் தடம் தெரிகிறது, உண்மைதான். சற்று நேரத்தில் மறைந்துவிடுகிறது. உதட்டை அழுத்தி வலிய ஊதுவது தவறான பழக்கம், வலித்தால் நிறுத்திவிட்டுத் தன்னிடம் வர வேண்டும் என்று அவளுடைய மாஸ்டர் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தார். ஆனால் அவர் அதைப் பிள்ளைகளிடம் மட்டும் சொன்னார். வீட்டில் பெரியவர்களின் அச்சத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு பதினொரு வயதுப் பெண்ணின் மேல் விழுந்தது. கூட்டத்துக்குத் தாய் தந்தையரை மட்டும் அல்லாமல் வீட்டில் உள்ள பாட்டி, தாத்தாக்களையும் அழையுங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எங்களைப் போன்ற வீடுகளில் மாலை நேரத்தில் பிள்ளையோடு இருப்பவர்கள் அவர்கள்தாம்.

செலவைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். இதற்கு முன் என் மகன் வேறொரு பள்ளியில் கிளாரினெட் வாசித்தான். கருவியைப் பள்ளியே தரும் என்று மட்டும் சொன்னார்கள். மவுத்பீஸில் பொருத்தும் மெல்லிய பட்டை, ரீட் என்று ஒன்று உண்டு, அது தேயும், நுனி உடையும், பெட்டியாக வாங்கி வைக்க வேண்டும் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. தறி வேலையில் வாரக் கூலி வாங்குகிற குடும்பத்துக்கு, முன்கூட்டித் தெரிந்த செலவு வேறு, திடீரென்று வரும் செலவு வேறு. உடைந்த ரீடையே வைத்துச் சில வாரங்கள் ஓட்டினான். கேட்கக் கூச்சப்பட்டுப் பேண்டை விட்டே நின்றுவிட்டான். அவனுக்கு இசை வராமல் போகவில்லை.

ஒரு கேள்வி: பத்தாம் வகுப்புக்கு வந்ததும் பிள்ளையைப் பேண்டிலிருந்து எடுத்துவிடலாமா? டியூஷன் ஆசிரியர் எடுக்கச் சொல்கிறார், பேண்டு மாஸ்டர் கூடாது என்கிறார்.

தாரமங்கலம் பகுதி, நாகஸ்வரக் குடும்பம்:

என் மகன் எட்டாம் வகுப்பில் கிளாரினெட் எடுத்தான். எங்கள் வீட்டில் இதைக் கேட்டு மகிழ்ந்தோம். கர்நாடக இசையில் கிளாரினெட்டுக்குப் பெரிய மரபு இருக்கிறது, ஏ.கே.சி. நடராஜன் அவர்களுக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்ததைக் குடும்பத்தோடு பேசிக்கொண்டோம். முதல் பருவத்தில் பாட்டு வராது என்றால் எங்களுக்கு வியப்பில்லை. விடியற்காலையில் எழுந்து சாதகம் செய்வது, ஒரே ஸ்வரத்தில் மாதக்கணக்கில் நிற்பது எல்லாம் நாங்கள் பார்த்து வளர்ந்தவை. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. பையன் ஸ்வரத்தைத் தாங்கி அசைத்து வாசிக்கிறான், காதில் விழுந்து ஊறிய பழக்கம். பேண்டில் ஸ்வரம் நேராக நிற்க வேண்டும் என்று திருத்தினார்கள். ஒத்திகையில் எல்லோர் முன்னிலையிலும் நான்கைந்து முறை நிறுத்தப்பட்டதும், நம் வாசிப்பே தவறு என்று நினைத்துக்கொண்டு வீட்டில் நாகஸ்வரத்தைத் தொட மறுத்தான். நான் போய் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் எட்டுக் கிளாரினெட்டுகளை வரிசையாக உட்காரவைத்து, ஒரே ஸ்வரத்தை நேராக வாசிக்கச் சொல்லி, பிறகு என் மகனை மட்டும் அசைத்து வாசிக்கச் செய்து, என்னையும் அவனையும் கேட்கச் சொன்னார். எட்டும் ஒன்றாக ஒலித்தது கலைந்ததைக் காது உடனே கண்டுகொண்டது. அதன்பின் அவனைத் தனியே கமகத்தோடு வாசிக்கச் சொல்லி மற்றப் பிள்ளைகளைக் கேட்கவைத்தார். இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் மேளக்காரர் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் பேண்டுக்கு வருகிறார்கள். இரண்டும் இரண்டு முறை, ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டியதில்லை என்பதை அவர்களிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

முன்னாள் மாணவர், தாள வாத்தியப் பிரிவு:

நான் ஆறு ஆண்டுகள் சிம்பலும் பாஸ் டிரம்மும் வாசித்தேன். ஒரு ஆண்டு விழாவில் எனக்குச் சிம்பலில் ஒரே ஓர் அடிதான். அதற்கு முன் அறுபதுக்கும் மேற்பட்ட தாளக் கட்டங்கள் மௌனமாக எண்ணிக்கொண்டே நிற்க வேண்டும். ஊரிலிருந்து பேருந்து பிடித்து வந்த என் அப்பா, “ஒரு தடவை தட்டுறதுக்கா இவ்வளவு நாள் பயிற்சி?” என்று வருத்தத்தோடு கேட்டார். பக்கத்தில் இருந்த மாஸ்டர் அவரை அழைத்துப்போய் நொட்டேஷன் தாளைக் காட்டி, அந்த இடத்தில் ஒரு கட்டம் முந்தினாலும் பிந்தினாலும் முழுப் பேண்டும் தடுமாறும், அதனால்தான் எண்ணிக்கை பிசகாத பையனிடம் கொடுத்தேன் என்றார். அப்பா அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டார். தாள வாத்தியம் எளிது, ஊத வராதவர்களுக்குக் கொடுப்பது என்ற எண்ணம் மாணவர்களிடமே இருக்கிறது. கருவி பிரிக்கும் நாளன்று அதை அகற்றாவிட்டால் அந்தப் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் தாழ்வாக உணர்வார்கள்.

சேலம் நகரத்தில் உதவி பெறும் பள்ளி ஒன்றின் இசை ஆசிரியர்:

எங்களிடம் கருவிகள் குறைவு. மீரட்டில் செய்த பித்தளைக் கருவிகளை இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்று என்று பகிர்ந்து தருகிறோம், மவுத்பீஸ் மட்டும் ஆளுக்கு ஒன்று. விதிகள் அடங்கிய படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வாங்கும் வழக்கம் முன்பு இருந்தது. யாரும் படிப்பதில்லை, தேர்வுக் கட்டணப் படிவத்தோடு சேர்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். ஒரு தந்தை ஆயுத பூஜைக்காக டிரம்பெட்டைப் புளி போட்டுக் குத்துவிளக்கைப் போலத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பொட்டு வைத்துக் கொடுத்தனுப்பினார். கருவியின் மேல் அவருக்கு இருந்த மரியாதையைக் கண்டு நெகிழ்ந்தேன், ஆனால் வால்வுக்குள் புளியின் திப்பி இறங்கி மூன்று பிஸ்டன்களும் இறுகிவிட்டன. வால்வு எண்ணெய் தவிர வேறெதுவும் உள்ளே போகக்கூடாது என்பது அந்தப் படிவத்தில் அச்சிடப்பட்டே இருந்தது. அதனால் படிவத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு பெற்றோரும் ஜூலையில் ஏதாவது ஒரு சனிக்கிழமை ஒத்திகையில் பிள்ளைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்று வைத்தோம். ஒரு டிராம்போன் பையன் வராததால் அடிச்சுருதி இல்லாமல் ஒத்திகை தள்ளாடுவதைக் காதால் கேட்டவர்கள், ‘ஒரு நாள் லீவு போட்டால் என்ன’ என்று அதன்பின் கேட்பதில்லை. கருவியைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டுப் பெட்டியில் வைப்பதையும் பெற்றோர் கையாலேயே ஒருமுறை செய்யச் சொல்கிறேன்.

ஏற்காட்டு உறைவிடப் பள்ளி ஒன்றின் பேண்டு ஆசிரியர்:

அம்மாபேட்டை அம்மாவின் கேள்விக்கு என் பதில்: எடுக்க வேண்டாம், ஆனால் பள்ளி ஒரு வரம்பை எழுதிக் கொடுக்க வேண்டும். எங்களிடம் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஜனவரி 26 கொடியேற்றம் முடிந்ததும் கருவியை ஒப்படைத்துவிடுவார்கள். பொதுத் தேர்வு முடியும்வரை அவர்களை எந்த ஒத்திகைக்கும் கூப்பிடமாட்டோம். அதற்கு ஈடாக, ஜூன் முதல் ஜனவரி வரை டியூஷனைக் காரணம் காட்டி விடுப்பு எடுக்கக்கூடாது என்று பெற்றோரிடம் கேட்கிறோம். அவர்கள் இடத்தை நிரப்ப ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை நவம்பரிலேயே பக்கத்தில் உட்காரவைத்துத் தயார் செய்கிறோம். எந்த மாதம்வரை, வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை மணிக்கு முடியும் என்பது தெரிந்துவிட்டால் பெரும்பாலான பெற்றோர் ஒத்துக்கொள்கிறார்கள். தெரியாதபோதுதான் டியூஷன் ஆசிரியர் சொல்வது ஓங்குகிறது. உங்கள் பள்ளியில் அப்படி ஒரு வரம்பு இல்லையென்றால் மாஸ்டரிடம் நேரில் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. ரீட் செலவையும் பாட்டி, தாத்தாக்களுக்கான அழைப்பையும் இந்த ஆண்டுக் கூட்டத்துக்கான கடிதத்தில் சேர்த்துவிட்டேன்.