சுரைப் பிஞ்சுகள் ஏன் வெம்பி உதிர்கின்றன?

கேள்வி

என் சுரைக்கொடி முதலில் பத்து நாள் ஆண் பூக்களை மட்டுமே பூத்தது. பிறகு, அடியில் விரல் நீளப் பிஞ்சோடு ஏழு பெண் பூக்கள் வந்தன. ஏழும் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டன. அவற்றில் நான்குக்குக் காலை பத்து மணிக்கு நானே மகரந்தம் தடவினேன். பூவுக்கு முன்பே பிஞ்சு இருக்கிறதே, அதற்கு மகரந்தம் எதற்கு? உரம் போதவில்லையா?

பதில் 1

என் பூசணிக்குக் காலை ஆறு மணிக்கே தடவிவிடுவேன், நன்றாகக் காய்க்கிறது. நீங்கள் தாமதமாகத் தடவுகிறீர்கள்.

பதில் 2

பூசணிக்கு அது சரி. சுரை அந்தியில் மலரும் பூ. அந்துப்பூச்சிகளுக்காகவே வெள்ளையாக விரிகிறது. மறுநாள் பத்து மணிக்கு வாடத் தொடங்கியிருக்கும். உரத்தைக் கூட்டாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள்.

நீங்கள் பார்த்தது பிஞ்சு அன்று, சூற்பை. செம்பருத்தியில் இதழ்களுக்குள் ஒளிந்திருப்பது சுரையில் இதழ்களுக்குக் கீழே வெளிப்படையாக இருக்கிறது. உள்ளே நூற்றுக்கணக்கான சூல்கள். ஒவ்வொரு சூலும் விதையாக ஒரு மகரந்தத்தூள் வேண்டும். தூள், பெண் பூவின் நடுவில் மகரந்தத்தை ஏற்கும் நுனியான சூலகமுடியில் ஒட்டியதும் குழல் ஒன்று முளைத்துச் சூல்வரை இறங்கும். 1824இல் அமீச்சி என்ற இத்தாலியர் பருப்புக்கீரைப் பூவில்தான் இந்தக் குழலை முதலில் கண்டார். நாற்பது ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தும், நுண்ணோக்கியில் அதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் மூச்சு நிற்கிறது. குழல் வழியே வரும் இரண்டு ஆண் அணுக்களில் ஒன்று முட்டையோடு கூடிக் கருவாகும். மற்றொன்று அந்தக் கருவுக்கு உணவாகும் கருவூணை உண்டாக்கும். குழல் வராவிட்டால் கொடி அந்தச் சூற்பையை உதிர்த்துவிடும்.

மாலையில், அன்று விரிந்த ஆண் பூவின் இதழ்களை உரித்துவிட்டுத் தடவுங்கள்.

கேட்டவர்

ஐயா, மாலை ஆறரைக்கு மூன்று பூக்களுக்குத் தடவினேன். இரண்டு பிஞ்சுகள் பிடித்துவிட்டன! பன்னிரண்டு நாளாகின்றன. ஒன்று நேராக வளர்கிறது. மற்றொன்று ஒரு பக்கம் மட்டும் பருத்து வளைந்திருக்கிறது. நோயா?

பதில் 2

மிகவும் மகிழ்ச்சி அம்மா. நோயாக இருக்காது, மகரந்தம் போதாமல் போயிருக்கும். சூலகமுடி மூன்று மடல்கள் கொண்டது. அடுத்த முறை மூன்றிலும் மஞ்சள் தெரியும்வரை தடவுங்கள், இரண்டு ஆண் பூக்கள் ஆனாலும் பரவாயில்லை. விதை விளையும் பக்கம்தான் சதையும் பருக்கும். அந்த வளைந்த காயை முற்றவிட்டு நெடுக்காக வெட்டிப் பாருங்கள்: பருத்த பக்கத்தில் விதைகள் திரண்டிருக்கும், ஒடுங்கிய பக்கத்தில் கருவுறாத சூல்கள் வெறும் சக்கையாக ஒட்டிக்கொண்டிருக்கும்.