கடற்கரைப் பக்க வீட்டில் எவர்சில்வர் கம்பியும் கறள் பிடிக்குமா?

வாணி, வெள்ளவத்தை
மரைன் டிரைவ் பக்கம், மூண்டாம் மாடி. பழைய இரும்புக் கம்பி உக்கிப்போச்சு எண்டு வருசப்பிறப்புக்கு முதல் பல்கனிக்கு எவர்சில்வர் கைபிடி போட்டனாங்கள். 304 எண்ட தரம் எண்டு சொல்லித்தான் வெல்டிங் பாஸ் காசு வாங்கினவர். ஆடிக்காத்து தொடங்க, தேத்தண்ணி தெறிச்ச மாதிரி மண்ணிறப் புள்ளிகள். அம்மா தேய்ச்சுப் பாக்க விரலில கறள் ஒட்டுது. பிரிஜ் காந்தத்தை வைச்சுப் பாத்தன், ஒட்டேல்லை. அப்ப சாமான் நல்லதுதானே? பிறகேன் இப்பிடி?

பட்டறை அண்ணா, மருதானை
தங்கச்சி, காந்தத்தை நம்பாதேங்கோ. 304, 316, மலிவான 201 மூண்டிலயும் காந்தம் பெரிசா ஒட்டாது. 201ல நிக்கலைக் குறைச்சு மங்கனீசு போடுறவை, அது கெதியாக் கறள் பிடிக்கும்.

304 எண்டால் நூற்றுக்கு 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல், மிச்சம் பெரும்பாலும் இரும்புதான். குரோமியம் காத்துப் பட்டவுடன கண்ணுக்குத் தெரியாத ஒரு படை கட்டும். கீறினாலும் திரும்ப மூடும். ஆனா கடல் உப்பு அதை ஊசி குத்தின மாதிரித் துளைக்கும். 316ல 2–3 பங்கு மொலிப்டினம் சேர்க்கிறதே இந்த உப்புக்குத்தான். விலை கூடத்தான். எண்டாலும் கடலைப் பாத்த வீட்டுக்கு நான் 304 போடமாட்டன்.

புள்ளி வெல்டிங் மூட்டைச் சுத்தியோ? இரும்பு தேய்ச்ச கிரைண்டர் தட்டாலயே இதையும் தேய்ச்சால் இரும்புத்தூள் பதிஞ்சு, அதுதான் முதல்ல கறள் பிடிக்கும்.

செல்வி அன்ரி
பிள்ளை, எங்கட 304 கைபிடிக்கு 9 வருசம். கிழமைக்கு ஒருக்கா நல்ல தண்ணியால கழுவித் துடைப்பன். மழை படாத அடிப்பக்கத்தை மறக்காதேங்கோ, உப்பு அங்கதான் தங்கும். கம்பித் தும்பும் ப்ளீச்சும் வேண்டாம். எங்கட பித்தளைக் குழாய்தான் தப்பேல்லை. பித்தளையில இருக்கிற துத்தநாகம் கரைஞ்சு போய், செம்பு மட்டும் மிஞ்சி இளஞ்சிவப்பாப் போச்சு.

வாணி
ரோர்ச் அடிச்சுப் பாத்தன் அண்ணா. 14 மூட்டிலயும் புள்ளி, நடுக்கம்பி கண்ணாடி மாதிரி. கழட்டாமல் சரிசெய்யேலுமா?

பட்டறை அண்ணா
ஏலும். எவர்சில்வருக்கெண்டே வைச்ச புதுத் தட்டால மெல்லத் தேய்ச்சு, மூட்டுக்குப் பூசுற அமிலப் பசை பூசிக் கழுவச் சொல்லுங்கோ. பொல்லாத அமிலம் அது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் பாஸைத் தொட விடாதேங்கோ, அம்மாவையும் அண்டைக்கு உள்ளுக்கு இருக்கச் சொல்லுங்கோ.