வட்டப் போர்வை: குடும்பக் குழுவில் ஒரு பேச்சு

நான்: அத்தை, குரோஷேயில், அதாவது கொக்கி ஊசிப் பின்னலில், வட்டமாக ஒரு பெரிய போர்வை போடப் போகிறேன். குறுக்களவு 150 செ.மீ., முழுக்க டபுள் குரோஷே என்ற உயரமான தையல். ஒரு பந்து கையில் இருக்கிறது. பாதி நூல் இப்போது வாங்கிவிட்டு, பாதி அகலம் வந்ததும் மீதியை வாங்கலாமா?

அத்தை: வேண்டாம்மா. முதலில் அந்தப் பந்தில் 10 சுற்று போடு. அப்புறம் நூல் வாங்கு.

அக்கா: எனக்கு ஒரு கோஸ்டர் முடிக்கவே பொறுமை இல்லை. இவளுக்குப் போர்வை!

அத்தை: நடுவில் மேஜிக் ரிங், இழுத்தால் இறுகும் நூல் வளையம். வால் நூலை 15 செ.மீ. விட்டு, வளையத்தைச் சுற்றி இரண்டு முறை கோத்து அடக்கிவிடு. துவைக்கும்போது ஈரக் கனத்தில் நடு அவிழ்ந்துவிட்டால் எல்லாம் போச்சு. முதல் சுற்றில் 12 டபுள், அடுத்தது 24, 36, 48... சுற்றுக்கு 12 கூடும். ஓரம் கிண்ணமாகத் தூக்கினால் கூட்டியது போதவில்லை, அலை அலையாக வந்தால் அதிகம். கூட்டும் இடத்தைச் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் தள்ளி வை, இல்லையென்றால் வட்டத்துக்கு 12 மூலை முளைக்கும். இன்னொன்று, பேட்டர்ன், அதாவது பின்னல் குறிப்பு, பிரிட்டிஷ் முறையா என்று பார். அதில் டபுள் என்பது குட்டைத் தையல், அதற்குச் சுற்றுக்கு 6தான்.

நான்: பெரிய சுற்றில் எண்ணிக்கை தவறினால்?

அத்தை: 12 பங்காகப் பிரித்து மார்க்கர், அதாவது அடையாள வளையம், மாட்டு. 30ஆம் சுற்றில் பங்குக்கு 30 தையல். ஒரு பங்கு குறைந்தால் அங்கேயே தெரியும், 360ஐயும் எண்ண வேண்டாம்.

அண்ணன்: கணக்குப் போட்டேன். ஒரு சுற்று ஒன்றரை செ.மீ. என்றால் மொத்தம் 50 சுற்று, 15,300 தையல். பாதி அகலம் வரும்போது 3,900தான். கால் பங்கு நூல்!

அத்தை: அதனால்தான் வேண்டாம் என்றேன்.

அண்ணன்: முதல் 10 சுற்றுக்கு 660 தையல். மொத்தம் அதைப்போல் 23 மடங்கு. அதனால் அதை எடை போட்டு, 23ஆல் பெருக்கு.

நான்: போட்டாச்சு. சுற்று ஒன்றரை செ.மீ.தான் வருகிறது. எடை 40 கிராம்.

அண்ணன்: 920 கிராமுக்குக் கொஞ்சம் மேலே.

அத்தை: ஓரத்துக்கும் சேர்த்து ஒரு கிலோ. எல்லாம் ஒரே லாட் நம்பராக, அதாவது ஒரே தடவையில் சாயம் போட்டதாக இருக்கட்டும். லாட் மாறினால் சாயம் கோடு போட்டதுபோல் தெரியும்.

நான்: ஒரே லாட்டில் 600 கிராம்தான் இருக்கிறதாம் அத்தை.

அண்ணன்: இழுத்துப் பிடித்தால் 40 சுற்று வரும்.

அத்தை: இழுக்க வேண்டாம், 38லேயே நிறத்தை மாற்று. வெளிப்பக்கம் வேறு நிறம் வந்தால் கரை வைத்ததுபோல் நன்றாகத்தான் இருக்கும்.

அண்ணன்: கடைசி 12 சுற்றுக்கு மட்டும் 390 கிராம் போகும்.

அத்தை: 500 வாங்கு, ஓரத்தையும் அதிலேயே முடித்துவிடலாம். அதே கனத்தில் இருக்கிற நூலாகப் பார்.

நான்: சரி அத்தை, கருநீலம் சொல்லிவிடுகிறேன்.